அசாகுசாவில் தொடங்கி உவெனோவில் முடியும் ஒரு நாள்

கேள்வி: டோக்கியோவில் எங்களுக்கு இரண்டே நாள்தான். அதில் ஒரு நாளை அசாகுசா, உவெனோ பக்கம் சுற்றிப் பார்ப்பதற்கும் கடைகளுக்குப் போவதற்கும் ஒதுக்கியிருக்கிறோம். அம்மாவுக்கு 66 வயது, முழங்கால் வலி. முட்டைகூடச் சேர்க்காத சைவம். நல்ல காய்கறிக் கத்தி ஒன்றும் ரைஸ் குக்கரும் வாங்க ஆசை. கூட்டத்தில் அலைக்கழியாமல் எப்படிப் போய் வருவது? வரி இல்லாமல் வாங்கலாம் என்கிறார்களே, அது எப்படி? (கோவை வாசகி)

பதில்: முதலில் கிழமையை முடிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். ஞாயிறு வேண்டாம். கத்திக் கடைகள் இருக்கும் கப்பாபாஷித் தெருவில் ஞாயிற்றுக்கிழமை நிறையக் கடைகளுக்கு விடுமுறை. நான் முதல் தடவை போனது ஒரு ஞாயிறு மத்தியானம். குறித்து வைத்திருந்த மூன்று கடைகளிலும் ஷட்டர் இறங்கியிருந்தது. மறுநாள் காலை விமானம் என்பதால் வெறுங்கையோடு ஊர் திரும்பினேன். திங்களன்று உவெனோ அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும். சனிக்கிழமை அசாகுசாவில் கூட்டம் நெருக்கித் தள்ளும். செவ்வாய் முதல் வெள்ளிக்குள் ஒரு நாள் அமைந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

அசாகுசாவையும் உவெனோவையும் ஒரே நாளில் சேர்த்தே வைத்தீர்களே, அது நல்ல யோசனை. இரண்டையும் இணைப்பது கின்சா லைன். 1927 டிசம்பரில் அசாகுசாவுக்கும் உவெனோவுக்கும் நடுவில், 2.2 கிலோமீட்டர் தூரத்துக்கு ஓடத் தொடங்கியதுதான் ஆசியாவின் முதல் சுரங்க ரயில். இடையில் தவாராமாச்சி, இனாரிச்சோ என்று இரண்டே நிலையங்கள். அம்மாவுக்குக் கால் வலித்தால் நடையை நிறுத்திவிட்டு ரயிலேறிக்கொள்ளலாம். சுயிகா அல்லது பாஸ்மோ என்ற முன்பண ரயில் அட்டை ஆளுக்கொன்றாகக் கையில் இருந்தால் டிக்கெட்டுக்கு நிற்க வேண்டாம். ஷிபுயா, கின்சா என்று வேறு பெயர்களை இந்த நாளில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் எதையும் பார்த்த மாதிரி இருக்காது.

காலை ஏழரை மணிக்கெல்லாம் அசாகுசாவில் இருங்கள். சென்சோ-ஜி கோயிலின் பெரிய மண்டபம் காலை 6 மணிக்கே திறந்துவிடும் (குளிர்மாதங்களில் ஆறரை). ஆனால் முன்னால் இருக்கும் நகாமிசே கடைத்தெரு ஒன்பது, பத்து மணிக்குத்தான் விழிக்கும். இந்த இடைவெளிதான் உங்களுக்கு லாபம். காமினாரிமோன் வாசலில் தொங்கும் சிவப்பு விளக்கின் கீழ் கிட்டத்தட்ட யாரும் இருக்கமாட்டார்கள். அந்த விளக்கு ஏறக்குறைய 4 மீட்டர் உயரம், 700 கிலோ எடை. அடியில் நின்று தலையைத் தூக்கிப் பாருங்கள், மரத்தில் செதுக்கிய ஒரு டிராகன் தெரியும். பத்து மணிக்கு மேல் போகிறவர்களில் பலருக்கு நின்று பார்க்கவே இடம் கிடைப்பதில்லை.

கி.பி. 628இல் சுமிதா ஆற்றில் வலை வீசிய அண்ணன் தம்பி இருவருக்கு மீனுக்குப் பதிலாக ஒரு கன்னோன் சிலை கிடைத்தது என்பது கோயிலின் தல வரலாறு. கன்னோன் என்பது நம் அவலோகிதேஸ்வரர்தான். 1945 குண்டுவீச்சில் மண்டபம் எரிந்துபோய், 1958இல் திரும்பக் கட்டினார்கள். மண்டபத்துக்கு முன்னால் ஊதுபத்திப் புகை எழும் பெரிய கொப்பரை இருக்கும். அந்தப் புகையைக் கையால் அள்ளி, வலிக்கிற இடத்தில் தடவிக்கொள்வது அங்கே வழக்கம். அம்மாவின் முழங்காலுக்கும் ஒரு கை அள்ளுங்கள். குறி பார்க்கும் சீட்டுக்கு 100 யென். இந்தக் கோயிலில் கெட்ட சீட்டு அதிகம் வரும் என்பது ஊரறிந்தது. அப்படி வந்தால் அங்கேயே இருக்கும் கம்பியில் கட்டிவிட்டு வந்துவிடலாம்.

அடுத்து நான் சொல்லும் இடத்துக்கு வெளிநாட்டுப் பயணிகள் அதிகம் போவதில்லை. சென்சோ-ஜியிலிருந்து வடகிழக்கே பத்து நிமிட நடையில் மட்சுச்சியாமா ஷோதென் என்ற சிறு குன்றுக் கோயில். அங்கே இருப்பவர் காங்கிதென், அதாவது நம் விநாயகர். சிலையைக் காட்டமாட்டார்கள், திரைக்குள்ளேயே இருப்பார். ஆனால் கோயில் முழுவதும் முள்ளங்கியும் சுருக்குப்பையும் செதுக்கியிருப்பார்கள். கொழுக்கட்டைக்குப் பதில் முழு வெள்ளை முள்ளங்கியை வாங்கிப் படைக்கிறார்கள். படைத்த முள்ளங்கியைப் பிரசாதமாக எடுத்துப்போகவும் வைத்திருப்பார்கள். படியேற முடியாதவர்களுக்காகச் சரிவில் ஒரு குட்டி ரயில் பெட்டி ஓடுகிறது. அம்மாவை அவசியம் கூட்டிப்போங்கள்.

திரும்பி வரும்போது நகாமிசே திறந்திருக்கும். 250 மீட்டர் நீளத்தில் 90 கடைகள் போல. இங்கே சாவிக்கொத்து, விசிறி, கிமோனோ மாதிரி அங்கி எல்லாம் கிடைக்கும். விலை கொஞ்சம் கூடுதல், அதனால் பரிசுப் பொருள்களை 100 யென் கடைகளில் வாங்குங்கள் (வரியோடு 110). நகாமிசேயில் வாங்க வேண்டியது தின்பண்டம். அம்மா எதைச் சாப்பிடலாம் என்று சொல்லிவிடுகிறேன். காமினாரி-ஓகோஷி என்பது அரிசிப் பொரியைச் சர்க்கரைப் பாகில் பிடித்தது, நம் பொரி உருண்டையின் உறவு. கிபிதாங்கோ என்பது பனிவரகு மாவு உருண்டையின் மேல் வறுத்த சோயா மாவு தூவியது, சூடாகக் குச்சியில் தருவார்கள். பொம்மை வடிவில் வார்க்கும் நிங்யோ-யாகியில் முட்டை உண்டு, அதைத் தவிர்க்க வேண்டும். 1902இலிருந்து இருக்கும் ஃபுனாவா கடையின் இமோ-யோகான், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, சர்க்கரை, உப்பு மூன்றையும் மட்டுமே கொண்டு செய்த கட்டி. என்னோடு வந்த சைவக்காரர்கள் எல்லோரும் விரும்பித் தின்றது இதைத்தான். வாங்கிய கடை வாசலிலேயே நின்று தின்றுவிடுங்கள். நடந்துகொண்டே தின்பதை இந்தத் தெருவில் விரும்பமாட்டார்கள். குப்பைத்தொட்டியும் கண்ணில் படாது, பையில் ஒரு காலிக் கவர் இருக்கட்டும்.

காமினாரிமோனுக்கு நேர் எதிரே மரச்சட்டங்கள் அடுக்கிய மாதிரி ஒரு கட்டடம் இருக்கும். கெங்கோ குமா வடிவமைத்து 2012இல் திறந்த சுற்றுலாத் தகவல் மையம் அது. லிஃப்டில் எட்டாவது மாடிக்குப் போனால் நகாமிசே முழுவதும் கோயில்வரை நேர்க்கோடாகத் தெரியும். கட்டணம் கிடையாது. கழிவறையும் சுத்தம். அம்மா கால் நீட்டி உட்கார ஏற்ற இடம்.

பதினோரு மணிக்குக் கப்பாபாஷி. மேற்கே பதினைந்து நிமிட நடை, அல்லது ரயிலில் ஒரே நிலையம் தள்ளி தவாராமாச்சி. ஒரு கட்டடத்தின் உச்சியில் வெள்ளைத் தொப்பி போட்ட பிரம்மாண்டமான சமையல்காரர் தலை தெரிந்தால் சரியான தெருவுக்கு வந்துவிட்டீர்கள். 800 மீட்டர் தெருவில் ஏறக்குறைய 170 கடைகள். ஹோட்டல்காரர்கள் பாத்திரம், பலகை, காட்சிக்கு வைக்கும் பிளாஸ்டிக் உணவு மாதிரிகள் என்று வாங்க வரும் தெரு இது.

கத்தி விஷயத்தில் நிதானமாக இருங்கள். காய்கறிக்கு மட்டும் என்றால் 'நகிரி' கேளுங்கள். செவ்வக வடிவம், நேரான வாய், பெரும்பாலும் 16 சென்டிமீட்டர் சுமார். எல்லா வேலைக்கும் ஒன்றே போதும் என்றால் 'சந்தோகு'. பட்டியல் விலையைப் பார்க்காமல் கையில் பிடித்துப் பாருங்கள். நல்ல கடையில் வலது கையா இடது கையா, என்ன நறுக்குவீர்கள் என்று அவர்களே கேட்பார்கள். ஒரு கடையில் பெரியவர் ஒருவர் என் கையில் கத்தியைக் கொடுத்து, கைப்பிடியை விட்டு முன்னே நகர்ந்து கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இரும்பைக் கவ்வுமாறு பிடிக்க வைத்தார். அதுவரை கனமாகத் தெரிந்த அதே கத்தி கையோடு சேர்ந்துகொண்டது.

இரும்பு வகையில் என் கருத்து உறுதியானது: துருப்பிடிக்கும் கார்பன் எஃகு நம் சமையலறைக்கு வேண்டாம். வெங்காயம், எலுமிச்சை, புளி, மாங்காய், எப்போதும் ஈரம். நறுக்கிய கையோடு துடைத்து வைக்கும் பழக்கம் இருந்தால் மட்டும் வாங்கலாம். மற்றவர்களுக்கு ஸ்டெயின்லெஸ், அதில் விஜி10 என்று எழுதியிருப்பது நல்ல தேர்வு. பத்தாயிரம் யென் முதல் பதினைந்தாயிரத்துக்குள் வீட்டுக்குப் போதுமான கத்தி கிடைக்கும். ஜப்பானியக் கத்தி கடினம், ஆனால் மெலிசு. தேங்காய், வெல்லம், எலும்பு, ஃப்ரீசரில் உறைந்தது எதையும் அதில் வெட்டக்கூடாது, வாய் சில்லாகப் பெயரும். மரப்பலகை போதும், கண்ணாடிப் பலகையும் கிரானைட் மேடையும் ஆகாது. கூடவே 1000 எண் சாணைக்கல் ஒன்று வாங்கிவிடுங்கள். பல கடைகளில் பெயர் பொறித்துத் தருகிறார்கள், கேட்கத் தயங்காதீர்கள்.

இங்கேதான் வரிக் கேள்வி வருகிறது. விற்பனை வரி 10 சதவீதம் (உணவுக்கு 8). 2026 அக்டோபர் 31 வரை, ஒரே கடையில் ஒரே நாளில் வரி நீங்கலாக 5,000 யென்னுக்கோ அதற்கு மேலோ வாங்கினால், பாஸ்போர்ட்டைக் காட்டி அங்கேயே வரியைக் கழித்துக்கொள்ளலாம். நகல் செல்லாது, அசல் பாஸ்போர்ட் வேண்டும். 2026 நவம்பர் 1 முதல் முறை மாறுகிறது. கடையில் வரியோடு முழு விலையையும் கொடுத்துவிட வேண்டும். 90 நாளுக்குள் நாட்டை விட்டுக் கிளம்பும்போது விமான நிலையச் சுங்கத்தில் உறுதி செய்த பிறகுதான் வரி திரும்பி வரும். கத்தியைக் கைப்பையில் வைத்து விமானம் ஏற முடியாது, பெரிய பெட்டியில்தான் போகும். ஆகவே புதிய முறையில் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்னாலேயே சுங்க வேலையை முடியுங்கள். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முந்திப் போவது நல்லது.

ரைஸ் குக்கர் வேண்டாம் என்பதே என் ஆலோசனை. ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், நம் ஊரில் 230. ஜப்பான் மாடலை நம் ஊரில் நேரடியாகச் செருகினால் போயே போய்விடும். அதற்கேற்ற டிரான்ஸ்ஃபார்மர் குக்கரைவிடக் கனம். மின்சாதனக் கடைகள் நிறைந்த அகிஹபாராவின் பெரிய கடைகளில் 220-240 வோல்ட் வெளிநாட்டு மாடல்கள் இருக்கின்றன. ஆனால் அவை ஒட்டுகிற குட்டையரிசிக்காக அளவெடுத்தவை, பொன்னிக்குத் தண்ணீர் அளவை நீங்களே பழக்க வேண்டும். அந்தப் பணத்தில் இன்னொரு கத்தி வாங்கலாம்.

மதியச் சாப்பாட்டுக்கு உவெனோவுக்கு அடுத்த ஒகாச்சிமாச்சி போங்கள். அங்கே நகைக்கல் மொத்த வியாபாரம், இந்திய ரத்தின வியாபாரிகள் பலர் இருக்கிறார்கள், அதனால் இந்திய சைவச் சாப்பாடு கிடைக்கும் பகுதி. ஜப்பானியக் கடைகளில் கறி இல்லை, மீன் இல்லை என்று சொன்னால் மட்டும் போதாது. 'தாஷி' என்ற சாறு உடோன் (தடித்த நூடுல்ஸ்) சூப்பிலிருந்து டெம்புரா (நம் பஜ்ஜி மாதிரி மாவில் தோய்த்துப் பொரித்தது) தொட்டுக்கொள்ளும் குழம்பு வரை பெரும்பாலானவற்றில் இருக்கும். அது பெரும்பாலும் கட்சுவோ மீனைக் காயவைத்துச் சீவி, அதிலிருந்து எடுப்பது. அந்தக் காய்ந்த மீன் நம் ஊர் மாசி மாதிரிதான். ஒரு முறை என் அம்மாவுக்குக் காய்கறி மட்டும் போட்ட உடோன் சொன்னேன். கிண்ணம் மேசைக்கு வந்ததும், "இது மாசி வாசனைடா" என்று நகர்த்தி வைத்துவிட்டார். "நிகு, சகானா, தமாகோ, தாஷி தாபேமாசென்" (இறைச்சி, மீன், முட்டை, தாஷி சாப்பிடமாட்டேன்) என்பதை ஜப்பானிய எழுத்தில் அட்டையில் எழுதிக் காட்டுங்கள். டெம்புரா மாவில் முட்டை இருக்கும், இறாலும் அதே எண்ணெயில் பொரியும், ஆகவே அதை விட்டுவிடுங்கள். அவசரத்துக்கு, கடைகளில் உப்பு மட்டும் சேர்த்த சோற்று உருண்டை, வாழைப்பழம், சுட்ட சர்க்கரைவள்ளி.

அப்புறம் அமெயோகோ. ஒகாச்சிமாச்சிக்கும் உவெனோவுக்கும் நடுவே, ரயில் பாலத்தின் அடியிலும் பக்கத்திலுமாக நீளும் சந்தை. போருக்குப் பிந்தைய கள்ளச்சந்தையாகத் தொடங்கியது. இங்கே கூவி விற்பார்கள், அதுவும் மாலையில் பேரம் கொஞ்சம் படியும், டோக்கியோவில் அது அபூர்வம். 1000 யென்னுக்குப் பையில் சாக்லேட்டைக் கொட்டிக்கொண்டே போகும் கடையில் நின்று கேளுங்கள், நம் ஊர் சந்தை ஞாபகம் வரும். அரை மணி போதும். அம்மாவுக்குக் கூட்டம் ஒத்துவராவிட்டால் முற்றிலும் தவிர்க்கலாம்.

ஆனால் மாலை ஐந்து மணிக்குள் ஷினோபாசு குளத்துக்குப் போய்விடுங்கள். உவெனோ பூங்காவின் அடிவாரத்தில், தாமரை நிறைந்த குளத்தின் நடுவே ஒரு தீவு, அதில் பென்தென்-தோ கோயில். பென்தென் என்பவர் சரஸ்வதி. வீணைக்குப் பதில் பிவா என்ற நரம்புக் கருவி. கோயிலைச் சுற்றி நினைவுக் கற்கள் நிற்கின்றன, அவற்றில் ஒன்று சமையல் கத்திகளுக்கானது. சரஸ்வதி கோயிலில் கத்திக்கு ஒரு கல். சரஸ்வதி பூஜையும் ஆயுத பூஜையும் ஒரே நாளில் கொண்டாடுகிற நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பையில் இருக்கும் உங்கள் புதிய கத்தியை வெளியே எடுக்காமல், பெட்டியோடு அந்தக் கல்லின் முன் ஒரு நிமிடம் வைத்துக் கும்பிட்டுவிட்டு, ஐந்து நிமிடத்தில் உவெனோ நிலையம்.