எனக்கே வரைய வராது. ஓவிய வகுப்பை எப்படி நடத்துவது?

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு ஆசிரியை நான். ஓவிய ஆசிரியர் இல்லாததால் வாரம் ஒரு பாடவேளையை என் தலையில் கட்டிவிட்டார்கள். 42 பிள்ளைகள், 40 நிமிடம். எனக்கே வரைய வராது. கரும்பலகையில் ஏதாவது போட்டால் அதையே பார்த்துப் போடுகிறார்கள். இஷ்டப்படி வரையச் சொன்னால் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓரத்தில் ஒரு தென்னை மரம். அதிகச் செலவில்லாமல் என்ன செய்யலாம்? ஆண்டுக் கடைசியில் கண்காட்சி வேறு வைக்க வேண்டுமாம்.

பதில்: வரைய வராது என்பது இங்கே ஒரு குறையே இல்லை. நன்றாக வரையத் தெரிந்தவர்களுக்குத்தான் பலகையில் ஒரு மயிலைப் போட்டுக் காட்டும் ஆசை வரும். அப்புறம் வகுப்பு முழுக்க நோஞ்சான் மயில்கள்தான். நீங்கள் எதையும் வரைந்து காட்டாதீர்கள்.

மலையும் சூரியனும் வருவதற்குச் சோம்பேறித்தனம் காரணமில்லை. ‘இஷ்டப்படி’ என்றால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல், கை பழகியதைப் போட்டுவிடுகிறது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு பொருளைக் கொடுத்து, கூடவே ஒரு நிபந்தனையும் போடுங்கள். மலை தானாகக் காணாமல் போகும்.

முதலில் தாள். ஏ4 தாள் ஒரு கட்டு வாங்கி ஒவ்வொன்றையும் நான்காக வெட்டுங்கள். 500 தாளுக்கு 2,000 துண்டு. 42 பேருக்கு வாரம் ஒன்று வீதம் ஓராண்டுக்கும் தாராளமாகப் போதும். சின்னத் துண்டில் இன்னொரு வசதி, மணியடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். முதல் மாதம் பென்சில் மட்டும் போதும். 24 ஸ்கெட்ச் பேனா வைத்திருக்கும் பிள்ளைக்கும் ஒன்றுமில்லாத பிள்ளைக்கும் நடுவில் ஓவிய வகுப்பில் பெரிய சங்கடம் நடக்கும். அதை வளர விட வேண்டாம்.

முதல் வகுப்புக்கு இலை. வரும் வழியில் ஆளுக்கொன்று பொறுக்கி வரச் சொல்லுங்கள். அரசு, பூவரசு, வேம்பு, எது கிடைத்தாலும் சரி. இடது கையில் இலையைப் பிடித்துக்கொண்டு, தாளைப் பார்க்காமல், பென்சிலைத் தாளிலிருந்து எடுக்காமல், இலையின் ஓரத்தை மட்டும் வரைய வேண்டும். இதுதான் நிபந்தனை. கோடு கோணலாகப் போகும், சிரிப்பு வரும், வரட்டும். இதில் யாருக்குமே ‘அழகாக’ வராது என்பதால், எனக்கு வரையத் தெரியாது டீச்சர் என்று கையைக் கட்டிக்கொள்ளும் பையனும் தொடங்கிவிடுவான். இரண்டாவது முறை அதே இலையைப் பார்த்துப் பார்த்து வரையட்டும். இம்முறை பூச்சி அரித்த ஓட்டை, நுனியில் காய்ந்த பழுப்பு, நடுநரம்பிலிருந்து பக்க நரம்பு எதிரெதிராகப் பிரிகிறதா மாறிமாறிப் பிரிகிறதா என்பதெல்லாம் படத்தில் வர வேண்டும். பிறகு எல்லா இலைகளையும் மேசையில் குவித்து, படங்களைக் கலைத்துப் போட்டு, எந்தப் படம் எந்த இலை என்று வேறு பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மதிப்பெண்ணைவிட இது நல்ல சோதனை. நேரம் மிஞ்சினால் இலையின் அடிப்பக்கம் மேலே தெரிய வைத்து, மேலே தாளைப் போட்டு பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்க்கலாம். நரம்பெல்லாம் எழும்பி வரும்.

அடுத்து அச்சு. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் நட்சத்திரம், வாழை மட்டையைக் குறுக்கே வெட்டினால் வலை. வெண்டைக்காய்க்குச் சத்துணவுக் கூடத்தில் கழித்துப் போடும் காம்புப் பக்கமே போதும். காயை நேராக வண்ணத்தில் முக்கினால் அப்பிக்கொண்டு வடிவமே தெரியாது. பழைய துணியை நான்காக மடித்து, மூடியில் வைத்து, வண்ணத்தை அதில் ஊற வைத்து ஒற்ற வேண்டும். வெட்டிய பக்கத்தின் ஈரத்தையும் முதலில் துடைத்துவிடுங்கள். கத்தி உங்கள் கையில் மட்டும். நிபந்தனை: ஒரே அச்சை வைத்துச் சேலைக் கரை ஒன்று அமைக்க வேண்டும்.

வண்ணம் வாங்கக் காசில்லையென்றால் செம்பருத்தி இருக்கிறது. இதழைத் தாளில் தேய்த்தால் ஊதா. அதன்மேல் எலுமிச்சைச் சாறு தொட்டால் இளஞ்சிவப்பு, ஆப்பசோடா கரைத்த தண்ணீர் தொட்டால் பச்சையோ நீலமோ கலந்த நிறம். மஞ்சள் தூளில் சோப்புத் தண்ணீர் பட்டால் செம்பழுப்பு. அமிலம், காரம் பற்றிய பாடத்துக்கும் இது உதவும். ஆரத்தியில் போல் சுண்ணாம்பு சேர்க்கலாமே என்று தோன்றும். கண்ணில் பட்டால் ஆபத்து, பிள்ளைகள் கையில் வேண்டாம். இந்த நிறங்கள் சீக்கிரம் வெளுத்துவிடும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதம் அழுகை.

தாளே இல்லாத வகுப்புக்குக் கோலம். வராந்தாவில் சாக்பீஸால் மூன்றுக்கு மூன்று புள்ளி. எந்தப் புள்ளியையும் தொடாமல், எல்லாப் புள்ளியையும் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே இழை வந்து சேர வேண்டும். ஒரே இழையில் முடிகிறதா, இரண்டு மூன்று தேவைப்படுகிறதா? இது பொம்பளைப் பிள்ளைங்க வேலை என்று ஒதுங்கும் பையன்களைப் புதிர் என்று சொல்லி இழுத்துவிடலாம்.

குழு வேலைக்கு நான் பரிந்துரைப்பது புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசல். அங்கே சமணக் குடைவரையின் விதானத்தில் தாமரைக் குளம் ஒன்று தீட்டியிருக்கிறார்கள். சுமார் ஒன்பதாம் நூற்றாண்டு என்கிறார்கள். இலையும் பூவும் நிறைந்த குளத்தில் மீன், பறவை, யானை, பூப்பறிக்கும் ஆட்கள். தூரத்தில் இருப்பது சிறிதாக, பக்கத்தில் இருப்பது பெரிதாக என்ற கணக்கெல்லாம் அதில் பெரிதாகக் கிடையாது. பிள்ளைகள் இயல்பாக வரைவதும் அப்படித்தானே! செல்பேசியில் அந்தப் படத்தைக் காட்டிவிட்டு, உங்கள் ஊர்க் குளத்தை வரையச் சொல்லுங்கள். எருமை, வலை, துணி துவைக்கும் கல், மிதக்கும் பிளாஸ்டிக் பாட்டில், எல்லாம் வரலாம். பெஞ்சுக்கு ஒரு சார்ட்டுத் துண்டு; கடைசியில் ஒட்டினால் ஒரே நீளமான குளம்.

தெர்மாகோல், பளபளப்புத் தாள், ஐஸ் குச்சி வைத்துச் செய்யும் கைவேலைகளை நான் சொல்லவில்லை. அவற்றை இராத்திரி பத்து மணிக்கு அம்மாக்கள்தான் செய்கிறார்கள்.

கண்காட்சிக்குத் தனியாக எதுவும் தயாரிக்க வேண்டாம். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பெயர், தேதி, தலைப்பு எழுதி ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வாருங்கள். படத்தின் மேல் சிவப்பு மையால் திருத்துவதோ மதிப்பெண் போடுவதோ கூடாது. ஆண்டுக் கடைசியில் ஆளுக்கு இரண்டு படம், அவரவரே தேர்ந்தெடுத்தது, கொடிக்கயிறு கட்டி கிளிப் மாட்டித் தொங்கவிடலாம். நல்லதாகப் பொறுக்கி பத்து மட்டும் வைப்போம் என்று தலைமையாசிரியர் சொன்னால், 84 படத்துக்கும் கயிறு போட்டாயிற்று சார் என்று சொல்லிவிடுங்கள்.