மனுவில் நீங்கள் எழுதிய தேதி

கேள்வி: கரூர் மாவட்டத்தில் எங்கள் தோட்டத்து வீட்டிலிருந்து 250 மீட்டரில் கல்குவாரி ஓடுகிறது. வேட்டு வைத்தால் சுவர் விரிகிறது, முருங்கைப் பூவெல்லாம் தூசி. இரண்டு வருடத்தில் கலெக்டரிடம் ஆறு மனு கொடுத்தும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஊர்த் தலைவர் அவர்கள் பக்கம், வி.ஏ.ஓ. மரியாதையில்லாமல் பேசுகிறார். போன மாதம்தான் ஆர்.டி.ஐ.யில் சுற்றுச்சூழல் அனுமதியின் நகல் கிடைத்தது. பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாளுக்குள் அப்பீல் போட்டு குவாரியை மூட முடியுமா? அடுத்த திங்கள் ஏழாவது மனுவும் கொடுக்கப் போகிறேன்.

பதில்: முடியாது. தலைவர் யார் பக்கம், வி.ஏ.ஓ. என்ன பேசினார் என்பதை விடுங்கள், மனுவில் அரைப் பாராவுக்குக்கூட அது உதவாது. அனுமதி கொடுத்தது உங்களுக்கு என்றைக்குத் தெரியும்? கேள்வி அது ஒன்றுதான்.

பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் பிரிவு 16-இன்படி அப்பீலுக்கு 30 நாள். தக்க காரணம் இருந்தால் இன்னும் 60. அந்த 90 தாண்டினால் மன்னிக்கத் தீர்ப்பாயத்துக்கே அதிகாரம் இல்லை. நகல் கைக்கு வந்த நாளிலிருந்து நீங்கள் எண்ணுகிறீர்கள். ஆனால் நீங்கள் அனுப்பியிருக்கும் மூன்றாவது மனுவில், அனுமதியின் எண்ணையும் தேதியையும் நீங்களே எழுதி, கலெக்டர் ஆபீஸ் சீலும் வாங்கியிருக்கிறீர்கள். ஒன்றரை வருடம் ஆகிறது. எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதல் ஆவணமாகப் போடுவார். மனுக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வரும் கட்சிக்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தங்களுக்குப் பலம் என்று அவர்கள் நினைக்கும் கட்டுதான் அவர்கள் அப்பீலைக் கவிழ்த்தது.

250 மீட்டரும் நீங்கள் நினைக்கிற அளவுக்குக் கைகொடுக்காது. சிறுகனிம விதி 36 சொல்லும் 300 மீட்டர், வருவாய்க் கணக்கில் ஊராகவோ வீட்டுமனையாகவோ இருக்கும் இடத்துக்கும், அங்கீகாரம் பெற்ற மனைக்கும்தான். உங்கள் வீடு நிற்பது புஞ்சைப் பட்டாவில். வீட்டு வரி ரசீது போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, மிச்சம் என்ன இருக்கிறது? அனுமதியை விட்டுவிட்டு அதன் நிபந்தனைகளைப் பிடியுங்கள். நகலின் பின்பக்கங்களில் தண்ணீர் தெளிப்பது, சுற்றிலும் மரம் வளர்ப்பது, வேட்டு வைக்கும் நேரம் எல்லாம் இருக்கும். இவற்றைச் செய்ததாக ஒவ்வொரு ஜூன் 1, டிசம்பர் 1-க்கும் குவாரிக்காரர் அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கைகளை ஆர்.டி.ஐ.யில் கேளுங்கள். நான் பார்த்தவற்றில் நட்ட மரக்கன்றின் எண்ணிக்கைகூட வருடா வருடம் மாறாது, தேதியை மட்டும் மாற்றியிருப்பார்கள்.

இங்கேயும் அதே தேதிதான் குறுக்கே நிற்கும். நிபந்தனை மீறலுக்கு வழக்குப் போடும் பிரிவு 14-இல், வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம், தக்க காரணம் இருந்தால் மேலே 60 நாள். தினமும் தூசி பறக்கிறதே என்று வாதாடலாம், ஆனால் சட்டத்தில் 'முதலில்' என்ற சொல் இருக்கிறது. அதனால் இழப்பீடும் சீரமைப்பும் கேட்கும் பிரிவு 15-ஐ முன்னால் வையுங்கள். அதற்கு ஐந்து வருடம். அப்பீலைக் கெடுத்த மனுக்கட்டு, எப்போதிலிருந்து பாதிப்பு என்பதற்கு இங்கே சாட்சியாக நிற்கும்.

கோபத்தில் 50 லட்சம் கேட்டுவிடாதீர்கள். ஒரு சதவீதம் கட்டணம், 50,000 ரூபாய் கட்ட வேண்டும். விரிசல் பழசு, கடைக்கால் சரியில்லை என்றுதான் குவாரிக்காரர் சொல்வார். இன்றைக்கே ஒவ்வொரு விரிசலுக்கும் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை இரண்டு முனையிலும் சிமெண்ட் வைத்துப் பதித்து, தேதி எழுதிப் படம் எடுங்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும்.

வெளிப்படையாகச் சொல்கிறேன். உங்களுக்கு வேண்டியது சுவர் பூச்சும், காலை மாலை தண்ணீர் லாரியும், வேட்டுக்கு முன் ஒரு தகவலும் என்றால் சமாதானமாகப் போய்விடுங்கள். ஆனால் அவர்கள் நீட்டும் பத்திரத்தில் 'குவாரிக்கு ஆட்சேபணை இல்லை' என்றோ 'இனி எந்தப் புகாரும் கொடுக்க மாட்டேன்' என்றோ ஒரு வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். குவாரியை விரிவாக்கக் கேட்கும்போது அந்தத் தாள்தான் முதலில் மேஜைக்கு வரும். வாங்கிய பணம் எந்தச் சேதத்துக்கு என்று மட்டும் எழுதுங்கள்.

அப்புறம், திங்கட்கிழமை கரூருக்குப் போகாதீர்கள். ஏழாவது மனுவை ஒரு வக்கீல் படித்த பிறகு கொடுக்கலாம்.