சினிமா, கிரிக்கெட் நட்சத்திரங்களைக் கொண்டாடும் நாம், உயிர் காத்தவர்களை ஏன் மறக்கிறோம்?

கொண்டாட ஒரு காட்சி வேண்டும். கடைசிப் பந்து சிக்சரைக் கண்ணால் பார்க்கலாம். சாகாமல் பிழைத்த குழந்தையை யார் பார்ப்பது?

திலீப் மஹலனோபிஸ் என்ற டாக்டரின் பெயர் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1971 வங்கதேசப் போர்க் காலம். மேற்கு வங்கத்தின் பன்கான் அகதி முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் கரைத்த நீரை டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களையே டம்ளரில் மொண்டு புகட்டச் சொன்னார். குளுக்கோஸ் சேர்ந்தால் குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சிக்கொள்ளும். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. இந்தக் கரைசல் பலன் தரும் என்று முன்பே நிரூபித்தவர்கள் வேறு சிலர். அவர்களையும் நமக்குத் தெரியாது, அது வேறு விஷயம்.

வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்க இன்று மெடிக்கலில் கிடைக்கும் ஓஆர்எஸ் பாக்கெட் அந்தக் கரைசலின் வழி வந்ததுதான். மஹலனோபிஸுக்குப் பத்ம விபூஷண் 2023இல் அறிவித்தார்கள். அவர் 2022 அக்டோபரிலேயே காலமாகிவிட்டார்.