சம்பளத்தைப் பிடித்தால் சரியாகிவிடுமா?

வணக்கம் சார்,
நாடாளுமன்றக் கூட்டத்தை டிவியில் பார்த்து நொந்துபோனேன். கூச்சல், பதாகை, ஒத்திவைப்பு. அவை நடக்காத நாளுக்கு எம்.பி.க்களின் சம்பளத்தைப் பிடித்தால் ஒழுங்காக உட்கார்ந்து விவாதிப்பார்கள்தானே?
வாசகர், திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

பிடிக்கலாம், யார் வேண்டாம் என்றது. ஆனால் கூச்சல் போடாமல் உட்கார்ந்திருக்கும் எம்.பி. அங்கே என்ன செய்துவிட முடியும்? அடுத்த முறை ஒரு மசோதா நிறைவேறும்போது கவனியுங்கள். சபாநாயகர் 'ஆம் என்போர்' என்று கேட்பார், ஒரு பக்கம் சத்தம் வரும்; 'இல்லை என்போர்' என்பார், மறுபக்கம் சத்தம் வரும்; காதில் விழுந்ததை வைத்து நிறைவேறியது என்று அறிவித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். யார் எந்தப் பக்கம் என்று பதிவே இருக்காது. யாராவது டிவிஷன், அதாவது ஓட்டை எண்ணிப் பதிவுசெய்யச் சொல்லி, கேட்டு விடாப்பிடியாக நின்றால்தான் மணி அடித்து, மூன்றரை நிமிடம் பொறுத்து, எண்ணுவார்கள்.

எண்ணினாலும் புதிதாக ஒன்றும் தெரியாது. முக்கியமான மசோதா என்றால் எந்தப் பக்கம் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சியின் கொறடா உத்தரவு முன்பே வந்திருக்கும் (கொறடா என்றால் சவுக்கு, பேர் வைத்தவர் விவரமானவர்). மீறி ஓட்டுப் போட்டாலும், போடாமல் நழுவினாலும், கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் பதவிக்கு ஆபத்து. 1985-இல் அரசியல் சட்டத்தில் சேர்ந்த பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம் இது. ஹரியானாவில் 1967-இல் கயா லால் என்ற எம்.எல்.ஏ. இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை கட்சி மாறினார், அந்த நோய்க்கு மருந்து வேண்டியதுதான், ஆனால் இது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை. பூச்சியாவது செத்ததா? ஒருத்தர் போனால் தாவல், மூன்றில் இரண்டு பங்குப் பேர் சேர்ந்து போனால் 'இணைப்பு', பதவி பத்திரம்!

என்னைக் கேட்டால், ஆட்சி கவிழுமா நிற்குமா என்ற ஓட்டெடுப்புக்கு மட்டும் சவுக்கை வைத்துக்கொண்டு மற்றதிலெல்லாம் விட்டுவிட வேண்டும். தேர்தல் சீர்திருத்தத்துக்கான தினேஷ் கோஸ்வாமி குழு 1990-லேயே கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னது. அப்புறம் காங்கிரஸ் எம்.பி. மணீஷ் திவாரி தனிநபர் மசோதாவாகவும் கொண்டுவந்தார். அரசு கொண்டுவராத அந்த மாதிரி மசோதாக்களுக்கு வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அப்படி ஒன்று இரண்டு அவைகளிலும் தேறிச் சட்டமானது கடைசியாக 1970-இல். திருச்சி சிவாவின் திருநர் உரிமை மசோதா 2015-இல் மாநிலங்களவையைத் தாண்டியது, அதுவே அங்கே 36 வருடம் கழித்து நடந்த அதிசயம்; மக்களவையில் தேறவில்லை.

சம்பளம் பிடித்தே ஆகவேண்டும் என்றால், வெள்ளிக்கிழமை பிற்பகல் ஊருக்கு விமானம் ஏறிவிடுகிறவர்களிடமிருந்து ஆரம்பியுங்கள்.