சர்ச் வளாகத்தில் செல்போன் டவர் வரப்போகிறது, தெருக்காரர்கள் என்ன செய்யலாம்?

கேள்வி: மதுரையில் எங்கள் தெருவை ஒட்டிய சர்ச் வளாகத்தில் செல்போன் டவர் வைக்கப் பேச்சு நடக்கிறது. உள்ளேயே ஒரு தொடக்கப் பள்ளியும் இருக்கிறது. இன்னும் குழி தோண்டவில்லை. நாற்பது வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போடத் தயார். மனுவை யாரிடம் கொடுப்பது, அதில் என்ன எழுதுவது?

பதில்:

குழி தோண்டவில்லை என்றால் நேரம் இருக்கிறது. ஆனால் அந்த நாற்பது கையெழுத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கலெக்டர் ஆபீசுக்குப் போக வேண்டாம். முதலில் போக வேண்டிய இடம் சர்ச்.

காரணம் இதுதான். தனியார் இடத்தில் டவர் வைக்க உள்ளாட்சியின் அனுமதி வேண்டியதில்லை என்று, டவரும் தொலைத்தொடர்புக் கம்பியும் அமைப்பது பற்றிய மத்திய அரசின் வழியுரிமை (ரைட் ஆஃப் வே) விதிகள் 2022இலேயே திருத்தப்பட்டுவிட்டன. கட்டடத்தின் மேல் வைப்பதானால் வேலை தொடங்கும் முன் எழுத்து மூலம் தகவல் தர வேண்டும், கட்டடம் தாங்கும் என்ற கட்டமைப்புப் பொறியாளரின் சான்றையும் இணைக்க வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள புதிய விதிகளிலும் தனியார் இடத்துக்கு அடிப்படை, இடத்துக்காரரோடு போடும் ஒப்பந்தம்தான். ஆகவே "அனுமதி கொடுக்காதீர்கள்" என்று மாநகராட்சிக்கு எழுதினால், "எங்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லையே" என்று பதில் வரும். வேண்டாம் என்று சொல்லும் முழு அதிகாரம் உள்ளவர் இடத்தின் சொந்தக்காரர் ஒருவரே.

அந்தச் சொந்தக்காரர் யார் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடத்துபவர் பெயரில் நிலம் இருக்காது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்றால் நிலம் பெரும்பாலும் 1947இல் பதிவான தென்னிந்தியத் திருச்சபை அறக்கட்டளைச் சங்கத்தின் பெயரில் இருக்கும். உள்ளூர் சபையை நடத்தும் பாஸ்டரேட் கமிட்டி தீர்மானம் போட்டால் மட்டும் போதாது. மதுரை-ராமநாதபுரம் திருமண்டல நிர்வாகம் ஒப்ப வேண்டும், சங்கத்தின் பவர் பெற்றவர்தான் கையெழுத்திட முடியும். கத்தோலிக்கப் பங்கு என்றால் பங்குத்தந்தை, பங்கு நிதிக் குழு, அதற்கு மேல் மறைமாவட்டம். திருச்சபைச் சட்டப்படி ஒவ்வொரு பங்கிலும் நிதிக் குழு இருந்தே ஆக வேண்டும். வழக்கமான நிர்வாகத்தைத் தாண்டிய காரியத்துக்கு மேலிடத்தின் எழுத்து அனுமதி தேவை. சுயாதீன சபை என்றால் நிலம் போதகர் பெயரிலோ சிறு டிரஸ்ட் பெயரிலோ இருக்கும், ஒரே கையெழுத்தில் காரியம் முடிந்துவிடும். அங்கேதான் வேகமாக நகர வேண்டும்.

பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கச் சான்றைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். நிலம் யார் பெயரில் என்பதும், குத்தகை பதிவாகிவிட்டதா என்பதும் ஓரளவு தெரியும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். டவர் குத்தகை பெரும்பாலும் பத்து, பதினைந்து வருடம் போகும். அதில் கம்பெனி நோட்டீஸ் கொடுத்து இடையில் விலகலாம், இடத்துக்காரர் விலக முடியாது என்று எழுதியிருப்பார்கள். கையெழுத்துக்கு முன் கமிட்டியைப் பிடிக்க வேண்டும் என்பது இதனால்தான். சர்ச் கமிட்டிக்கே இந்த ஷரத்து பல நேரம் தெரியாது. எடுத்துச் சொல்பவர் எதிரியாகத் தெரியமாட்டார். டவர் வைக்கிறோம் என்று முன்பணம் கேட்கும் மோசடிக் கும்பலும் உண்டு. பணம் கட்டச் சொல்லியிருந்தால் பேச்சையே நிறுத்தச் சொல்லுங்கள்.

சபையைச் சேர்ந்த குடும்பங்கள் உங்கள் தெருவில் இருந்தால் மனுவின் முதல் கையெழுத்து அவர்களுடையதாக இருக்கட்டும். கமிட்டியில் பேச உரிமை உள்ளவர்கள் அவர்கள். இது மதச் சண்டையாகத் திரும்பிவிட்டால் கமிட்டி வீம்புக்காகவே கையெழுத்துப் போட்டுவிடும், தெருவும் இரண்டாகும். மனுவில் சபையைப் பற்றி ஒரு கடுஞ்சொல் வேண்டாம்.

எதை எழுதுவது? "கதிர்வீச்சால் புற்றுநோய் வரும்" என்று தொடங்கும் மனுக்கள் நிற்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் ரேடியோ அலைகளைப் "புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும்" என்ற 2பி பிரிவில் வைத்தது உண்மை. ஆனால் வெறும் அச்சத்தை வைத்துப் பஞ்சாயத்து டவரைத் தடுக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2006இலேயே சேமஞ்சேரி பஞ்சாயத்து வழக்கில் சொல்லிவிட்டது. குவாலியரில் ஒரு டவரை நிறுத்தச் சொன்ன உச்ச நீதிமன்றத்தின் 2017 உத்தரவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது அந்த ஒரு டவருக்கான உத்தரவு, அதை வைத்து உங்கள் டவர் தானாக நிற்காது.

அலை எப்படிப் போகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் சரியான கேள்வி கேட்கலாம். ஆன்டெனாவின் கற்றை விளக்குமாற்றுக் குச்சிபோலக் கீழே கொட்டுவதில்லை, கிட்டத்தட்டக் கிடைமட்டமாகச் சில டிகிரி சாய்ந்து போகிறது. 40 மீட்டர் உயரத்தில் 6 டிகிரி சாய்வு என்றால், 10 மீட்டர் உயர மொட்டைமாடியை அதன் மையம் தொடுவது ஏறக்குறைய 285 மீட்டர் தள்ளி. டவரின் அடியில் உள்ள வீட்டை விட, ஆன்டெனாவின் உயரத்திலேயே நேர் எதிரே உள்ள மாடிதான் கவனிக்க வேண்டிய இடம். ஒரே உயரத்தில் எதிரே இருக்கும் கட்டடத்துக்கு மத்திய தொலைத்தொடர்புத் துறை 2013 வழிகாட்டுதலில் தூரம் சொல்லியிருக்கிறது: ஒரு ஆன்டெனாவுக்கு 20 மீட்டர், இரண்டுக்கு 35, நான்குக்கு 45, ஆறுக்கு 55. சர்ச் ஹால் மாடியில் சிறு கம்பம் நட்டு, குறுக்கே மூன்று மாடி வீடு இருந்தால் இந்தக் கணக்கு உங்களுக்குப் பலம். ஆன்டெனா எத்தனை, தரையிலிருந்து என்ன உயரம், எந்தத் திசை நோக்கி என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.

கட்டடம் இன்னொரு பலமான காரணம். பழைய மிஷன் காலக் கட்டடங்களில் மரச்சட்டமும் சுண்ணாம்புக் காரையும் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை உண்டு. அதன் மேல் இரும்புக் கம்பம், பேட்டரி, உபகரணப் பெட்டி எல்லாம் ஏறினால் தாங்குமா என்பதற்கு யார் கையெழுத்திட்டார்கள்? தரை டவர் என்றால் மண் பரிசோதனை அறிக்கை கேளுங்கள். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண் மழைக்கு உப்பி வெயிலுக்கு வெடிக்கும், மேலோட்டமான அஸ்திவாரம் அதில் நிற்காது.

ஆனால் தெருக்காரர்களுக்குத் தினசரித் தொல்லை ஜெனரேட்டர்தான். பள்ளியைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலம் என்று மாநில அரசு அறிவித்திருந்தால், ஒலி விதிகள் 2000இன்படி அங்கே வரம்பு இது: பகலில் 50 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 40. டீசல் ஜெனரேட்டரோ மூடிய கூண்டிலிருந்து ஒரு மீட்டரில் 75 டெசிபல் வரை சத்தம் போட அனுமதிக்கப்பட்டது. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே போதும். பேட்டரியை மட்டும் நம்பி ஓட்ட முடியுமா, ஜெனரேட்டரைப் பள்ளிச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பார்கள் என்பவற்றுக்குக் கம்பெனி பதில் சொல்லியாக வேண்டும்.

மனுவைப் பேராயர் இல்லத்தில் (சுயாதீன சபை என்றால் போதகரிடம்) நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். பத்து நாளில் அசைவில்லை என்றால் அதே மனுவின் நகலோடு திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளுக்குப் போகலாம். மாவட்ட அளவில் தொலைத்தொடர்புக் குறைகளைப் பார்க்கக் குழு அமைக்கவும் 2013 வழிகாட்டுதல் சொல்கிறது. மனுவை அதற்கு அனுப்பும்படி கேளுங்கள். மாநகராட்சிக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போட்டு, கம்பெனி கொடுத்த தகவல் கடிதம், பொறியாளர் சான்று இரண்டின் நகலையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். கூரை டவருக்கு அந்தச் சான்றே இல்லையென்றால், உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போக உங்களுக்கு உறுதியான காரணம் கிடைத்துவிட்டது. வெறும் அச்சத்தோடு போனால், மனுவைப் பரிசீலிக்கும்படி அதிகாரிக்கு உத்தரவிடுவதோடு வழக்கு முடிந்துவிடக்கூடும்.

எல்லாம் மீறி டவர் வந்துவிட்டால், தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் இணையதளத்தில் 4,000 ரூபாய் கட்டி உங்கள் வீட்டிலேயே அலை அளவைச் சோதிக்கச் சொல்லலாம். நாற்பது வீடு என்றால் வீட்டுக்கு நூறு ரூபாய். 2012 செப்டம்பரில் இந்தியா சர்வதேச வரம்பைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தது: 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 0.45 வாட், 1800இல் 0.9 வாட். ஆன்லைனில் வாங்கும் மலிவு மீட்டர்கள் சதுர மீட்டருக்கு மைக்ரோவாட்டில், அதாவது வாட்டின் பத்து லட்சத்தில் ஒரு பங்கில், காட்டும். அதில் 5,000 என்று தெரிந்தால் பயந்துவிடாதீர்கள், அது 0.005 வாட்தான், 1800க்கான வரம்பு அதே மீட்டரில் 9,00,000.