கடலோரக் கிணறுகள் உப்பாவது ஏன்? ஊர் என்ன செய்யலாம்?

நிலத்தடியில் கடல்நீர் நகர்ந்துவந்து நன்னீரின் இடத்தைப் பிடிப்பதுதான் கடல்நீர் ஊடுருவல். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் இது பல பத்தாண்டுகளாக நடக்கிறது.

காரணம் எடை. கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் 2.5 விழுக்காடு கனம் கூடியது. கண்ணாடி விளக்கில் தண்ணீர்மேல் எண்ணெய் நிற்பதுபோல, மணலுக்குள் உப்புநீர்மேல் நன்னீர் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை உப்பைத் தள்ளிவைக்கும். அந்த 1 மீட்டரை மோட்டார் உறிஞ்சிவிட்டால், நாளடைவில் அவ்வளவும் உப்பு ஏறும். கடல் மட்டம் உயர்வதும், மழை சில நாளிலேயே கொட்டி ஓடிவிடுவதும் நிலைமையை இன்னும் மோசமாக்குகின்றன. ஆனாலும் பெரும்பாலும் முதல் காரணம் அளவுமீறிய இறைப்புதான்.

ஒரே ஆழ்துளைக் கிணற்றில் நாள்முழுக்க இறைக்காமல், ஆழமில்லாத பல கிணறுகளில் இடைவெளி விட்டு இறையுங்கள். குளத்தைக் கோடையில் தூர்வாருங்கள். வண்டல் படிந்த குளம் நீரை நிலத்துக்குள் விடாது. ஆண்டுதோறும் மே மாதம் கிணற்றுநீரை டிடிஎஸ் மீட்டரால் (நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் கருவி) அளந்து எழுதிவையுங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் இறைப்பைக் குறைத்தே ஆகவேண்டும்.

"இன்னும் ஆழமாகப் போட்டால் நல்ல தண்ணீர் வரும்" என்று பலர் நம்புகிறார்கள். கடலோர மணற்பாங்கில் நன்னீர் மேலடுக்கில்தான் இருக்கிறது, ஆழப்படுத்தினால் உப்புதான் சீக்கிரம் வரும்.