சிறிய மோட்டார்ஹோமில் வெளிப்பக்கம் சாமான் பெட்டி வைக்க எது நல்லது, கூரையா, பின்பக்கமா?

கேள்வி கேட்டவர் இங்கிலாந்தில் இருக்கிறார். வேனை மாற்றிக் கட்டிய 5.4 மீட்டர் மோட்டார்ஹோம், அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். உள்ளே காலை நீட்ட இடமில்லை, வெளியே ஒரு பெட்டி மாட்டலாம் என்று பார்க்கிறார். கூரையில் மாட்டுவதா, பின்னால் டவ்பாரில் (டிரெய்லர் இழுப்பதற்கான கம்பி) மாட்டுவதா என்பது கேள்வி.

எங்களிடம் இருப்பதும் அதே அளவு வண்டிதான். பியூஜோ பாக்சர், பழையதாக வாங்கியது. நான் இரண்டையும் மாட்டிப் பார்த்தவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எத்தனை லிட்டர் பெட்டி என்பதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். எத்தனை கிலோ, அந்தக் கிலோ வண்டியில் எந்த இடத்தில் உட்காருகிறது, இந்த இரண்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை.

முதல் கோடையில் டவ்பாரில் மாட்டும் தட்டு ஒன்றும் அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பெட்டியும் வாங்கினேன். மாட்டிப் பார்த்ததும் பெரிய சந்தோஷம். அரிசிப் பை, குக்கர், மடக்கு நாற்காலிகள், கேபிள், பிள்ளைகளின் பூட்ஸ் எல்லாம் உள்ளே போயின. 'இன்னும் இடமிருக்கிறதே, கிரைண்டரையும் வைத்துக்கொள்வோமா?' என்று என் மனைவி கேட்டாள். கிண்டல்தான், ஆனால் நான் ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஸ்காட்லாந்தில் ஸ்கை தீவுக்குப் போனோம். மூன்றாம் நாள் காலை, இரவெல்லாம் மழை பெய்த புல்தரையிலிருந்து வண்டியைக் கிளப்பினால் முன்சக்கரம் இரண்டும் சுற்றுகின்றன, வண்டி நகரவில்லை. பாக்சர், அதன் இரட்டையான ஃபியட் டுகாட்டோ எல்லாம் முன்சக்கரத்தில் இழுக்கிற வண்டிகள். பக்கத்து நிலத்துக்காரர் டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துவிட்டார். காசு வாங்கவில்லை. பின்னால் இருந்த பெட்டியைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

ஊர் திரும்பியதும் வேபிரிட்ஜுக்குப் போனேன். ஜல்லி, மணல் விற்கும் யார்டுகளில் சிறிய கட்டணத்துக்கு எடை போட்டுத் தருவார்கள். சுற்றுலா போன அதே நிலையில் போனோம்: டீசல் முழு டாங்க், தண்ணீர், சாமான், பிள்ளைகள் உட்பட நான்கு பேரும் இருக்கையில். ஜல்லி லாரிக்குப் பின்னால் வரிசையில் நின்றோம். முதலில் முழு வண்டியும் மேடையில். அப்புறம் முன்சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தச் சொன்னார்கள், அப்புறம் பின்சக்கரங்கள் மட்டும். சீட்டில் மூன்று எண்கள்: மொத்தம் 3470 கிலோ, முன் அச்சு 1430, பின் அச்சு 2040.

என் வண்டித் தகட்டில் போட்டிருக்கும் வரம்பு: மொத்தம் 3500, முன் அச்சு 1850, பின் அச்சு 2000. அதாவது மொத்த எடையில் 30 கிலோ மிச்சம், நான் உத்தமன். பின் அச்சில் 40 கிலோ அதிகம், நான் குற்றவாளி. சாலையில் நிறுத்தி எடை போட்டால் அச்சு எடை மீறினாலும் அபராதம் உண்டு. மொத்தம் சரியாக இருக்கிறதே என்று வாதாட முடியாது.

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கும், மாட்டின் கழுத்தில் கயிறு இறுக்கும். முன்பாரம் பின்பாரம் பார்த்து மூட்டை அடுக்குவதுதான் வண்டிக்காரரின் வேலையே. மோட்டார்ஹோமிலும் அதே கதை. அச்சுக்குப் பின்னால் தொங்குகிற எடை பின்னால் அமுக்குவது மட்டுமில்லை, முன்னால் தூக்கவும் செய்கிறது.

கணக்கு சுலபம். இந்த நீள பாக்சரில் இரண்டு அச்சுக்கும் நடுவே 3.45 மீட்டர். பின் அச்சிலிருந்து பின்கதவு ஏறக்குறைய 1 மீட்டர். பெட்டியின் நடுப்பகுதி கதவுக்கு வெளியே 30 சென்டிமீட்டர் என்று வைத்தால், அச்சிலிருந்து 1.3 மீட்டர். 1.3-ஐ 3.45-ஆல் வகுத்தால் 0.38. தட்டு, பெட்டி, சாமான் எல்லாம் சேர்ந்து என்னுடையது 80 கிலோ. 80-ஐ 0.38-ஆல் பெருக்கினால் 30. ஆக, முன் அச்சில் 30 கிலோ குறைகிறது, பின் அச்சில் 80 அல்ல, 110 கிலோ கூடுகிறது. பெட்டியைக் கழற்றிவிட்டு மறுபடி எடை போட்டேன். பின் அச்சு 1930, முன் அச்சு 1460. காகிதத்தில் போட்டது அப்படியே மேடையில் வந்தது.

பின்பக்கம் நீளமாகத் தொங்கும் கோச்பில்ட் வண்டிகளில் (வேனின் அடிப்பாகத்தின்மேல் வீடுபோலத் தனி உடல் கட்டியவை) இது இன்னும் மோசம். பெட்டி அச்சிலிருந்து 2.2 மீட்டர் தள்ளி இருந்தால், அதே 80 கிலோ பின் அச்சில் 131 கிலோவாக உட்காரும்.

இன்னொரு வயிற்றெரிச்சல். அந்த 80 கிலோவில் தட்டு 22, பெட்டி 14. நான் கொண்டுபோன சாமான் வெறும் 44 கிலோதான். டவ்பாருக்கென்று ஒரு தகடு இருக்கும். அதில் எஸ் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் செங்குத்தாக எத்தனை கிலோ தாங்கும் என்று போட்டிருப்பார்கள். தட்டின் எடையும் பெட்டியின் எடையும் அந்தக் கணக்கில் சேரும். கடையில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

'3500 என்ற வரம்பையே உயர்த்திவிட்டால்?' என்று கேட்பீர்கள். சில வண்டிகளில் காகித வேலையோடு முடியும். ஆனால் 1997 ஜனவரி 1-க்குப் பிறகு இங்கே கார் தேர்வு பாஸ் செய்தவர்கள் இந்த மாதிரி டீசல் வண்டியை 3500 கிலோ வரைதான் ஓட்டலாம். அதற்கு மேல் என்றால் சி1 என்ற தனித் தேர்வு. நம்மில் பலர் அதற்குப் பிறகு வந்தவர்கள். அதனால் முதலில் உரிமத்தைப் புரட்டிப் பாருங்கள்.

சரி, கூரை. எடைப்படி பார்த்தால் பின்பக்கத்தைவிட நல்ல இடம், ஏனென்றால் இரண்டு அச்சுக்கும் நடுவே பெட்டியை வைக்கலாம். ஆனால் உயரத்தில் ஏறும் எடை வண்டியை ஆட்டும். குறுக்குக் காற்றில் பாலம் கடக்கும்போது தெரியும். அதனால் பஞ்சுபோன்ற சாமான் மட்டும்தான் அங்கே: தூக்கப் பைகள், பிள்ளைகளின் மிதவை, கடற்கரை போர்டு. எங்களுடையது இப்போது 20 கிலோவுக்குக் கீழ். கூரை எத்தனை கிலோ தாங்கும் என்பது கையேட்டில் இருக்கும், பெட்டியைத் தாங்கும் சட்டகத்தின் எடையும் அதில் அடக்கம்.

இந்த வேன்களின் இரும்புக் கூரையில் சட்டகம் மாட்டுவதற்கென்றே தொழிற்சாலையிலிருந்து இடம் விட்டிருப்பார்கள். முடிந்தவரை அதையே பயன்படுத்துங்கள். வேறு வழியில்லாமல் துளை போட்டால், பிசிரைச் சீவி, துருவைத் தடுக்கும் பிரைமர் அடித்து, காய்ந்தபின் பாலியூரித்தேன் சீலன்ட் வையுங்கள். புளிச்ச காடி வாசம் வரும் சாதாரண குளியலறை சிலிக்கான் வேண்டாம், அதிலிருந்து வரும் அமிலம் இரும்பை அரிக்கும். முதல் 50 மைல் ஓட்டியதும் நிறுத்தி எல்லா போல்ட்டையும் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். என்னுடையதில் இரண்டு தளர்ந்திருந்தன.

அப்புறம் உயரம். எங்கள் வண்டி பெட்டியோடு 2.98 மீட்டர். 3 மீட்டரைத் தாண்டினால் ஓட்டுநர் கண்ணில் படும்படி உயரத்தை எழுதி வைத்திருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். தாண்டாவிட்டாலும் எழுதி ஒட்டுங்கள், மீட்டரிலும் அடி அங்குலத்திலும். நான் '9 அடி 10' என்று கொஞ்சம் கூட்டியே எழுதி சன்வைசரில் ஒட்டியிருக்கிறேன். மறந்துபோய் ஒரு மரக்கிளையிடம் பாடம் படித்த பிறகு ஒட்டியது. கார்ன்வால் பக்கம் கடற்கரை கார் பார்க்குகளில் குறுக்குக் கம்பி போட்டிருப்பார்கள், பெட்டி இல்லாமலே நம் வண்டி அதில் நுழையாது என்பதால் அதில் புதிய நஷ்டம் எதுவுமில்லை.

மழையில் ஏணி போட்டுக் கூரைப் பெட்டியைத் திறப்பது யார் என்பதை மட்டும் வாங்கும் முன்பே வீட்டில் பேசிவிடுங்கள்.

எடைக்கு மிகச் சரியான இடம் வண்டிக்கு அடியில், இரண்டு அச்சுக்கும் நடுவில்தான். ஆனால் அங்கே ஏற்கெனவே கழிவுநீர்த் தொட்டி, புகைக்குழாய் எல்லாம் இருக்கும். டீசல் வண்டியின் புகை வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும்போது உள்ளே 600 டிகிரியை ஒட்டிச் சூடாகும், அதன் பக்கத்தில் பிளாஸ்டிக்கைத் தொங்கவிடக் கூடாது. வெல்டிங் பட்டறையில் சொல்லி ஷூ பெட்டி இரண்டைச் சேர்த்த அளவுக்கு ஓர் அலுமினியப் பெட்டி செய்து மாட்டினேன். கேபிள், தண்ணீர்க் குழாய், சக்கரத்துக்கு அடியில் வைக்கும் கட்டைகள், இந்த அழுக்குச் சாமான் எல்லாம் அதில் போய்விட்டன. கொடுத்த காசுக்கு அதிகம் பயன்பட்டது இதுதான். கேஸ் சிலிண்டரை மட்டும் இப்படிப்பட்ட பெட்டியில் வைக்காதீர்கள். புரொப்பேன் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும், அதற்கென்று அடியில் துளை விட்ட தனி அறைதான் வேண்டும்.

இவ்வளவும் செய்தபிறகுதான் ஒன்று உறைத்தது. எங்களுக்கு இடம் தேவைப்பட்டது ஓடும்போது அல்ல, நிறுத்திய பிறகு. ஓடும்போது நாற்காலியும் பூட்ஸும் வண்டிக்குள் நடக்கும் வழியில் கிடந்தால் யாருக்கும் தொந்தரவில்லை, பட்டை போட்டுக் கட்டியிருந்தால் போதும். இரவில் படுக்கையை விரித்ததும்தான் அவற்றுக்குப் போக்கிடம் இல்லை. அதற்கு விடை பெட்டியே இல்லை, ஒரு குட்டிக் கூடாரம். கழிப்பறைக் கூடாரம் என்று விற்பார்களே, ஆள் உயரத்தில் நிற்கும், அது. எங்களுடையது 4 கிலோகூட இல்லை. இறங்கியதும் கதவோரம் நிறுத்திவிட்டு, ஈர பூட்ஸ், நாற்காலி, பிள்ளைகள் பொறுக்கிவரும் கல், குச்சி எல்லாவற்றையும் அதில் தள்ளிவிடுகிறோம். பலத்த காற்று வந்தால் மடக்க வேண்டும், விலையுள்ள எதையும் வைக்க முடியாது. அவ்வளவுதான் குறை.

எடை வரம்பில் மிச்சம் இல்லாத சமயத்தில் தண்ணீரைப் பாருங்கள். 100 லிட்டர் தொட்டி நிறைந்திருந்தால் 100 கிலோ. 20 லிட்டரோடு கிளம்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்பினால் செலவே இல்லாமல் 80 கிலோ கையில்.

இதையெல்லாம் கேட்ட பிறகும் பின்பெட்டிதான் வேண்டும் என்றால், சில சூழ்நிலைகளில் அதுவும் சரிதான். பெட்டி மாட்டும் முன் பின் அச்சில் 150 கிலோவாவது மிச்சமிருக்கட்டும். கதவைத் திறக்க விலகிக்கொடுக்கும் கீல் வைத்த மாதிரியாக வாங்குங்கள், இல்லாவிட்டால் தேயிலைப் பொட்டலம் எடுக்கக்கூடப் பெட்டியைக் கழற்ற வேண்டும். பெட்டி மறைத்தால் நம்பர் பிளேட்டும் விளக்குகளும் கொண்ட பலகை பின்னால் கட்டாயம். மெத்தை, போர்வை வைத்தால் இரண்டு பை போட்டுக் கட்டுங்கள், பின்சக்கரம் வாரியடிக்கும் சேறு எந்த ரப்பர் விளிம்பையும் தாண்டி உள்ளே வரும். இன்சூரன்ஸ்காரர்களிடம் சொல்லிவிடுங்கள். பிரான்ஸுக்குக் கப்பலில் போகிறவர்கள் பெட்டியையும் சேர்த்து நீளத்தைச் சொல்ல வேண்டும். 5.41 மீட்டர் வண்டி 60 சென்டிமீட்டர் பெட்டியோடு 6 மீட்டரைத் தாண்டிவிடுகிறது, கட்டணமும் சில சமயம் கூடவே தாண்டும். ஸ்பெயின், இத்தாலி வரை போனால் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சுமைக்குச் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட பலகை மாட்டச் சொல்வார்கள்.

என் பின்பெட்டி இப்போது தோட்டத்தில் இருக்கிறது. உள்ளே உரமூட்டையும் காற்றுப்போன பந்துகளும். நீங்கள் எதையும் வாங்கும் முன் ஒருமுறை குடும்பத்தோடு வேபிரிட்ஜுக்குப் போய்வாருங்கள். சீட்டில் இருக்கும் மூன்று எண்ணையும், வண்டித் தகட்டில் இருக்கும் வரம்புகளையும் கீழே கருத்தில் போடுங்கள், கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.